ஊசி படாத கோழிகள்

துலூஸில் இருக்கும் அண்ணன் மகன் அனுப்பிய பார்சலில், சோப்புக்கட்டிகளைச் சுற்றி ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் தாள் வந்திருந்தது. எண்பத்தாறாம் வருஷம். அச்சடித்த தாளைப் படிக்காமல் எறிகிற பழக்கம் சிமோனுக்குக் கிடையாது. புதுச்சேரி உப்பளத்து வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். வெளிநாட்டில் விஞ்ஞானிகள் ஆட்டுக்கும் பன்றிக்கும் கருவிலேயே கைவைத்து என்னென்னவோ மாற்றிப் பார்க்கிறார்களாம். இன்னும் முப்பது வருஷத்தில் தொற்றுநோய் அண்டாத கால்நடைகளைக் கருவிலேயே உண்டாக்கிவிடலாம், ஊசியே வேண்டாம் என்று ஒருவர் அதில் அடித்துச் சொல்லியிருந்தார்.

அவள் புருஷன் லெயோன் இருந்திருந்தால் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சைக்கிளில் போயிருப்பார். அவர் போய் மூன்று வருஷமாகிவிட்டது. சிமோனுக்குச் சிரிப்பு வந்தது.

லெயோன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சைகோன், அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு, கொஞ்சம் மெடலும் ஒரு பென்ஷனும் ஒரு முட்டிவலியும் கொண்டுவந்தவர். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. பென்ஷன் வாங்குகிற மற்ற பட்டாளத்துக்காரர்கள், ஊர்ப்பேச்சில் சொல்தாக்கள், சாயங்காலமானால் இரும்புக்குண்டு எறிந்து பெத்தாங் ஆடுவார்கள், பழைய கதை பேசுவார்கள், அத்தோடு சரி. லெயோன் கோழி வளர்த்தார். பின்கட்டில் நாற்பது கோழி. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சேவலின் பெயர் கப்பொரால், பட்டாளத்துச் சின்ன அதிகாரியின் பட்டம். அது நடக்கிற நடையைப் பார்த்தால் அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் யாருக்கும் தோன்றாது.

எழுபத்து மூன்றில் மாசி பிறந்ததும் ஊரில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. முதல் நாள் ஒரு பெட்டை மூலையில் ஒடுங்கி நின்றது. மறுநாள் ஐந்தாறு கோழிகள் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. பிறகு கழுத்து திருகிக்கொண்டது, தலை முதுகுப்பக்கம் போயிற்று. ஒரே வாரத்தில் முப்பத்தெட்டு செத்தன. லெயோன் எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டினார், மூடினார், மறுநாள் அதன் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டினார். இந்தோசீனாவில் பக்கத்தில் நின்றவன் செத்ததைச் சோறு தின்றுகொண்டே சொல்கிற மனுஷன், இந்தக் கோழிகளுக்காகத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்த மூன்று நாளை சிமோன் கடைசிவரை மறக்கவில்லை. பின்னால் அவள் செய்ததெல்லாம் அந்த மூன்று நாளால் செய்ததுதான்.

இரண்டு பிழைத்தன. கப்பொராலும், ஒரு சாம்பல்நிறப் பெட்டையும். எல்லாக் கோழியோடும் ஒன்றாகத் தின்று, ஒன்றாகக் குடித்து, ஒரே கூண்டில் கிடந்தவைதான். நான்காம் நாள் காலையில் லெயோன் அந்த இரண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து காபி கேட்டார். முகத்தில் களை வந்திருந்தது. இதுங்களுக்கு மட்டும் ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது, அது குஞ்சுக்கும் இறங்கும், அதிலும் தாங்கியதை மட்டும் சேர்த்து வைத்தால் அதன் குஞ்சுக்கு இன்னும் பலமாக இறங்கும், பத்து வருஷத்தில் வெள்ளைக்கழிச்சல் தொடாத ஒரு ஜாதிக் கோழியே புதுச்சேரியில் உண்டாகிவிடும் என்றார். அன்றே ஒரு நோட்டு வாங்கினார். காயே என்பார் அதை. எந்தக் குஞ்சுக்கு எது தாய், எது தகப்பன் என்று பிரெஞ்சில் அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார்.

ஒரு சட்டமும் போட்டார். இந்த முற்றத்துக் கோழிக்கு ஊசி கிடையாது. ஊசி போட்டால் எது தானாகத் தாங்கியது, எது மருந்தால் தாங்கியது என்று எப்படித் தெரியும்? கேள்வி நியாயமான கேள்விதான். பெரிய படிப்புப் படித்தவனும் அதையேதான் கேட்பான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் வருஷாவருஷம் குழி வெட்ட வேண்டும். லெயோன் அதற்குத் தயார் என்றார். சிமோன் தயாராக இல்லை.

மாட்டாஸ்பத்திரியில் தடுப்பூசி போடுகிற கன்னியப்பன் அடுத்த மாசி வருவதற்கு முன்பே உப்பளத்துக்கு வந்துவிட்டான். காக்கி அரைக்கால்சட்டை, தோளில் பிளாஸ்க், அதற்குள் ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவில் மருந்துக் குப்பி. சாயங்காலம் கோழிகள் கூண்டுக்குத் திரும்புகிற நேரமாகப் பார்த்து வருவான். குப்பியை ஒருமுறை உடைத்துத் தண்ணீரில் கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்த்துவிட வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பி இருநூறு கோழிக்கு வரும். உப்பளத்தில் அத்தனை கோழி ஏது? அவன் சுற்றில் கடைசித் தெரு சிமோன் வீட்டுத் தெரு. தினமும் வாசலோரச் சாக்கடையில் அவன் மருந்தைக் கொட்டிவிட்டுப் போவதை அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கதவைத் திறந்தாள்.

"கொட்டப் போறதுதானே? உள்ள வந்து கொட்டு" என்றாள்.

அந்த நேரத்தில் லெயோன் பெத்தாங் ஆடப் போயிருப்பார். விளக்கு வைத்தபிறகுதான் திரும்புவார். கன்னியப்பன் விஷயத்தைக் கேட்டதும் முதலில் பயந்தான், லெயோன் முசியே துப்பாக்கி வைத்திருப்பவரா என்று கேட்டான். பிறகு ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வேலையில் இறங்கினான். குஞ்சானால் மூக்கில் ஒரு சொட்டு, வளர்ந்ததானால் இறக்கைக்கு அடியில் ஊசி. சிமோன் கூண்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். கப்பொரால் மட்டும் இருவர் கையையும் கிழித்துவிட்டுத்தான் ஊசி வாங்கிக்கொண்டது.

பாவம் என்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சாயங்காலங்களைப் போல அவள் சந்தோஷமாக இருந்ததே இல்லை. வருஷத்துக்கு நாலு சாயங்காலம் இருக்கும். கடற்காற்று வீசத் தொடங்கியிருக்கும், ரொட்டிக்காரன் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும், இரண்டு பேரும் முந்தானையிலும் சட்டையிலும் இறகு ஒட்ட, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டு கோழி துரத்துவார்கள். ஒருநாள் லெயோன் முட்டிவலி என்று பாதி ஆட்டத்தில் திரும்பிவிட்டார். கன்னியப்பன் தண்ணீர் கேட்டு வந்ததாகச் சொன்னான், தலைமயிரில் இறகோடு. லெயோன் அவனைப் பிடித்து உட்காரவைத்து, ஊசி போடுவது எத்தனை பெரிய தப்பு என்று ஒரு மணி நேரம் விளக்கினார். பிளாஸ்க்கில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அவன் ஆமாம் முசியே, ஆமாம் முசியே என்று தலையாட்டியதை நினைத்து சிமோன் ஒரு வாரம் தனியாகச் சிரித்தாள்.

முதல் வருஷ மாசியில் ஊசி போட்டுக்கொள்ளாத வீடுகளில் கூண்டே காலியாயிற்று. லெயோன் முற்றத்தில் ஐந்து மட்டும் செத்தன, கைக்கு அகப்படாமல் எலுமிச்சை மரத்தில் ஏறிக்கொண்ட ஐந்து. அடுத்த வருஷம் மூன்று. அதற்கடுத்த வருஷம் ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. லெயோன் காயேயில் கோடு கிழித்துப் படம் போட்டார். கோடு வருஷாவருஷம் இறங்கிக்கொண்டே வந்தது. கோழி ரத்தத்தின் பலம் என்று அவர் எழுதியதெல்லாம் கன்னியப்பனின் கைப்பழக்கம். கோழி பிடிக்கத் தேறிவிட்டான் அவன்.

சிமோனுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் இரவில் சாப்பிட உட்கார்ந்து, இந்த வருஷம் ஒண்ணுகூடப் போகல பாத்தியா என்று அவர் சொல்லும்போது இருந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த முகத்தின் வெளிச்சத்தை அணைக்க யாருக்கும் மனசு வராது. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். முற்றத்துக்குள் நடப்பது முற்றத்தோடு போகட்டும். அப்படித்தான் ஐந்து வருஷம் ஓடியது.

எழுபத்தெட்டில் தையல்நாயகி வந்தாள். முதலியார்பேட்டைக்காரி. அவள் புருஷன் வேலை பார்த்த மில்லைக் கதவடைப்பு என்று மூடிவிட்டார்கள். பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க என்று இரண்டு மூன்று வீடு பிடித்தாள், அதில் சிமோன் வீடும் ஒன்று. முற்றத்துக் கோழிகளைப் பார்த்து, போன மாசியில் தன் ஏழு கோழியும் ஒரே நாளில் விழுந்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லெயோனுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு சேவலையும் பத்துப் பெட்டையையும் கூடையில் போட்டு, தூக்கிக்கொண்டு போ என்றார். கைம்மாறாக ஒன்றே ஒன்று கேட்டார். எந்தக் காலத்திலும் ஊசி போடக்கூடாது. தையல்நாயகி கூடையைத் தொட்டு சத்தியம் செய்தாள்.

சிமோன் சமையலறையில் நின்றிருந்தாள். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கொடுத்த பதினொன்றும் ஊசி போட்ட கோழிகள்தானே, இந்த வருஷத்துக்கு ஆபத்தில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவை முட்டையிடும், அடைகாக்கும், குஞ்சு பொரிக்கும் என்பதை அவள் நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டு, ரசத்துக்குப் புளி கரைத்தாள்.

அடுத்த வருஷம் பொங்கல் கழிந்தபோது தையல்நாயகியிடம் அறுபதுக்கு மேல் கோழி இருந்தது. பாத்திர வேலையை விட்டுவிட்டாள். முட்டையில்தான் வீடு ஓடியது. அந்தத் தெருவில் மில் போன வீடு பத்தாவது இருக்கும், எல்லாப் பெண்களும் முசியேவின் குஞ்சுக்கு அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். லெயோன் வாரம் ஒருமுறை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, பாதி ஊரை ஜெயித்தவர் மாதிரி திரும்பி வருவார்.

மாசி பிறந்தது. நெல்லித்தோப்பில் கோழி விழுகிறது என்று கன்னியப்பன் வந்து சொன்னான்.

சிமோன் அவனையே முதலியார்பேட்டைக்கு அனுப்பினாள். முசியே காதுக்குப் போகாமல் போட்டுவிட்டு வா என்றாள். போன வேகத்தில் பிளாஸ்க்கோடு திரும்பி வந்தான். தையல்நாயகி கூண்டை மறித்துக்கொண்டு நின்றாளாம். முசியே கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், என் கோழிக்கு ஊசி வேணாம், அதுக்கு ரத்தத்துலயே இருக்கு என்றாளாம். தெருப் பெண்கள் கூடிக்கொண்டு இவனை விரட்டாத குறை.

"அதுல அம்பதுக்கு மேல மருந்தே படாத குஞ்சுங்க மதாம்" என்றான் கன்னியப்பன். "நெல்லித்தோப்புலேர்ந்து முதலியார்பேட்டை எம்மாந்தூரம்? வந்துச்சுன்னா ஒண்ணு மிஞ்சாது. இனிமே நீங்கதான் வாயத் தொறக்கணும்."

தையல்நாயகியிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாமா என்று சிமோன் யோசித்தாள். சொன்னால் தெரு முழுக்கப் போகும், தெருவில் போனது பெத்தாங் மைதானத்துக்குப் போகும், அங்கே யாராவது சிரித்துக்கொண்டே அவரிடம் சொல்வான். அதைவிடத் தன் வாயால் சொல்வதே மேல் என்று பட்டது. மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் காயேயைத் திறந்து பேனா மூடியைக் கழற்றியபோது எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"நம்ம கோழிங்களுக்கு ஊசி போட்டிருக்கு. நான்தான் போட வச்சேன். அஞ்சு வருஷமா."

லெயோன் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். "எத்தினிக்கு?" என்றார்.

"எல்லாத்துக்கும்."

"கப்பொராலுக்கு?"

"அதுக்கும்."

அவர் காயேயைப் பார்த்தார். அதில் தாய், தகப்பன், பேரன், பேத்தி என்று நூற்றைம்பது பெயர் இருந்தது. பக்கத்தைப் புரட்டினார், இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள், நோட்டை மூஞ்சியில் எறிவார் என்றுகூட எதிர்பார்த்தாள். எறிந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் பேனாவை மூடினார்.

"தையல்நாயகி வீட்டுல இப்ப எத்தினி இருக்கு?" என்றார். அறுபதுக்கு மேல் என்றாள். எழுந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கன்னியப்பனைக் கூட்டி வரச் சொன்னார்.

முதலியார்பேட்டைக்கு அவர் சைக்கிளில் போனார். சிமோனும் கன்னியப்பனும் பின்னால் ரிக்‌ஷாவில் போனார்கள். பிளாஸ்க்கைப் பார்த்ததும் தையல்நாயகி பழையபடி கூண்டு முன்னால் வந்து நின்றாள். தெருப் பெண்களும் வந்துவிட்டார்கள், மில் போன ஆண்களும் வந்துவிட்டார்கள். லெயோன் தொப்பியைக் கழற்றினார். ராணுவத்தில் அதிகாரி முன்னால் நிற்பது மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"என் கோழி ரத்தத்துல ஒண்ணும் இல்ல" என்றார். "நான்தான் மறைவா ஊசி போட்டுக்கினு வந்தேன். பேருக்கு ஆசைப்பட்டு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இப்ப எல்லாத்துக்கும் போட்டுடணும்."

நீங்களா முசியே என்று தையல்நாயகி கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை, சின்னப்பிள்ளை ஏமாந்தது மாதிரி இருந்தது. சிமோன் முன்னால் வந்தாள். இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். லெயோன் திரும்பிப் பார்க்காமலே ஒரு கோழியைப் பிடித்து அவள் கையில் திணித்தார்.

"எறக்கையப் புடி, சிமோன்" என்றார்.

அவள் இறக்கையைப் பிடித்தாள். அன்று அறுபத்து மூன்று கோழி. அவர் பிடித்துக் கொடுக்க, அவள் விரித்துப் பிடிக்க, கன்னியப்பன் போட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அந்தத் தெருவுக்குக் கழிச்சல் வந்தது. தையல்நாயகிக்கு ஒன்பது போயிற்று, மற்றவை நின்றன. கோழி நின்றது, முட்டை கிடைத்தது, வீடு ஓடியது.

லெயோன் வீட்டில் அந்தப் பன்னிரண்டு நாளும் பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "மொத வருஷம் ரெண்டு பொழைச்சுதே, அது நெசந்தானே?" என்று கேட்டார்.

"நெசந்தாங்க. அப்ப நான் ஒண்ணும் செய்யல."

தலையாட்டினார். மறுபடியும் ஆரம்பிங்க, இந்தத் தடவை நான் கைவைக்க மாட்டேன் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி, தனக்கே அந்தக் குழிகளை மறுபடி வெட்டத் தெம்பில்லை என்றார். அதற்குப்பிறகு கன்னியப்பன் லெயோன் வீட்டில் இருக்கும்போதே வந்தான். காயேயில் யாரும் எழுதவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஊசிக்கோழி முசியே என்று பெயர் வைத்தது. பெத்தாங் மைதானத்தில் கூட்டாளிகள் குண்டை எறியும் முன், ஊசி போட்டாச்சா லெயோன் என்பார்கள். மார்க்கெட்டில் மீன்காரிகள் அந்தப் பெயர் சொல்லித்தான் வீட்டுக்கு வழி காட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் சிமோன் காதில் விழும்போது அவளுக்கு உடம்பு கூசும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டொரு தடவை கேட்டாள். வேண்டாம் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்.

எண்பத்து மூன்றில் அவர் போனார். பெட்டிமேல் பிரெஞ்சு மூவர்ணக்கொடி போர்த்தி, மெடல் குத்திய பழைய சொல்தாக்கள் தூக்கிப் போனார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு முதலியார்பேட்டையிலிருந்து தையல்நாயகியும் அவள் தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். மண் போட்டு முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்தபோது, யார் போனது என்று வழியில் ஒருவன் கேட்டான். நம்ம ஊசிக்கோழி முசியே என்று ஒரு பெண் பிரியமாகத்தான் சொன்னாள்.

சிமோன் நின்றாள். வேண்டாம் என்று சொல்ல இனி ஆள் இல்லை. சாட்சி சொல்லக் கன்னியப்பனும் இல்லை, மாற்றலாகிக் காரைக்காலுக்குப் போய் ஒரு வருஷமாகியிருந்தது.

"ஊசி போட்டது நான்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அவருக்குத் தெரியாது. அவர் யாருகிட்டயும் பொய் சொல்லல. அன்னிக்கு ஒரு நாள்தான் சொன்னாரு, எனக்காக."

சொல்தாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். தையல்நாயகி வந்து சிமோனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் மதாம். முசியேவை நாங்க யாரும் தப்பா நெனைக்கல. என் குடும்பத்த நிக்க வச்சவரு அவரு. அவரு பேருக்காக நீங்க இந்தப் பழிய ஏத்துக்க வேணாம்."

நிஜமாகவே நான்தான் என்றாள் சிமோன். சரி மதாம், சரி என்றாள் தையல்நாயகி. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, புருஷன்மேல எவ்வளவு பாசம் பாரு என்று மெல்லச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். சிமோன் இன்னொரு தரம் சொன்னாள். யாரோ ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார்கள். தையல்நாயகி அவளை அணைத்தாற்போல் பிடித்து ஏற்றி, நழுவியிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டு, மதாமை வீடுவரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்று வண்டிக்காரனிடம் சொன்னாள்.